இரண்டு நிலாவும் மேகத்துக்குள்

அவர் எழுதிய விண்கலங்களுக்கெல்லாம் சக்கரம் இருக்கும். லாரிக்கு இருப்பதைப் போலத் தடித்த டயர் போட்ட சக்கரம். காற்றே இல்லாத இடத்தில் பறக்கிற வண்டிக்கு டயர் எதற்கக்கா என்று கேட்டால், கோயிலுக்குள் செருப்போடு நுழைந்தவளைப் பார்ப்பது போல என்னைப் பார்ப்பார்.

"சக்கரம் இல்லாட்டி எலுமிச்சம்பழத்த எதுக்கடியில வெப்பாங்க, அம்மிணி?"

அதற்கு மேல் பேச்சில்லை. எலுமிச்சம்பழம் நசுக்காமல் எங்கள் பக்கம் ஒரு மொபெட்கூட ஷோரூமை விட்டு வெளியே வராது. அப்படியிருக்க, முந்நூறு குடும்பங்களை ஏற்றிக்கொண்டு வேறொரு சூரியனுக்குப் போகிற கப்பல் பழம் நசுக்காமல் கிளம்பினால் அது உருப்படுமா? மற்ற இடங்களில் எப்படியோ, இந்த இடத்தில் அவருடைய அறிவியல் மிகவும் கறாரானது.

அவர் எனக்கு என்ன முறை வேண்டும் என்று இன்றைக்கும் ஆட்கள் கேட்கிறார்கள். என் கல்யாண ஆல்பத்தைப் புரட்டுகிற யாரும் அந்தப் பக்கத்தில் நின்றுவிடுவார்கள். யார் இந்தம்மா, மணவறையில் உன் பக்கத்தில் நிற்கிறார், உன் அம்மா ஏன் அந்தப் பக்கம் நிற்கிறார்? ஒரு வரியில் சொன்னால் நம்ப மாட்டார்கள். அதனால்தான் எழுதவே உட்கார்ந்தேன். பெயரை மட்டும் சொல்ல மாட்டேன். புனைபெயருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு எழுதியவர். மாமனார் வீட்டு ஆட்களுக்கு இன்றுவரை விஷயம் தெரியாது என்று அவர் நம்புகிறார். எல்லாருக்கும் தெரியும், அது வேறு கதை.

நாமக்கல் போகிற சாலையில் ஒரு கோழிக்குஞ்சு பொரிப்பகத்தில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். நான் கம்ப்யூட்டரில் கணக்கு. அவர் சூப்பர்வைசர். விலங்கியல் படித்தவர், என்னைவிட இருபது வயது மூத்தவர். பொரிந்து வந்த குஞ்சை ஒரு கையில் எடுத்து, இறக்கையை விரலால் விரித்துப் பார்த்து, "பொட்ட, பொட்ட, சேவலு, பொட்ட" என்று பிரித்துப் போட்டுக்கொண்டே நேற்று வைத்த குழம்பைப் பற்றிப் பேசுவார். கோழிகளின் அந்தரங்கத்தில் அவருக்குக் கூச்சமே கிடையாது. படிப்பு முடித்து அப்போதுதான் வேலைக்கு வந்திருந்த கால்நடை மருத்துவர் ஒருவர் இருந்தார். அந்தப் பையனை எல்லார் முன்னிலையிலும் நிறுத்தி வைத்துச் சொல்வார்:

"டாக்டருங்க, இந்த லாட்டுல பாதி கூமுட்டைங்க. சேவலுக நல்லாத் தின்னுப்போட்டுத் தூங்குதுக, வேற சோலியே பாக்கறதில்ல. ஒண்ணு சேவல மாத்துங்க, இல்லீன்னா ஊசியப் போடுங்க."

டாக்டருக்குக் காது சிவந்துவிடும். இவருக்கு ஒன்றும் ஆகாது. அடுத்த தட்டை இழுத்து, முட்டைக்குப் பின்னால் வெளிச்சம் காட்டிப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்.

இதே ஆள்தான் கதையில் ஒரு ஆணும் பெண்ணும் நெருங்கினால் பதறிப்போவார். கைப்பேசியில் தொடர்கதை படிக்கிற ஆப் ஒன்றில் அவர் வாரா வாரம் எழுதிக்கொண்டிருந்தார். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், ஒரு கையில் தயிர்ச்சோறு, மறு கையின் கட்டை விரலால் எழுத்து. முதல் வாசகி நான். கதை நடப்பது வறண்ட ஒரு கிரகத்தில். குடியேறப் போனவர்கள் அங்கே போர் போட்டுத் தண்ணீர் தேடுகிறார்கள். நாயகனும் நாயகியும் போர் போடுகிற ரிக் வண்டிக்குப் பக்கத்தில் நிற்பார்கள். அவன் ஓரடி முன்னால் வருவான். அவள் கண்ணைத் தாழ்த்துவாள். உடனே, "அப்போது அந்தக் கிரகத்தின் இரண்டு நிலாக்களும் மேகத்துக்குள் மறைந்தன" என்று ஒரு வரி. அடுத்த பத்தியில் விடிந்திருக்கும். நாயகி குளித்துத் தலை துவட்டிக்கொண்டு கதிரியக்கத்தை அளந்துகொண்டிருப்பாள்.

ஒரு தடவை என்றால் பரவாயில்லை. வாரம் தவறாமல் அந்த நிலாக்கள் மறைந்துகொண்டே இருந்தன. கருத்துப் பகுதியில் ஒரு வாசகர் கேட்டேவிட்டார்: இத்தனை மேகம் சுற்றுகிற கிரகத்தில் ஏனம்மா தண்ணீர்ப் பஞ்சம்? அவர் அசரவில்லை. "மேகம் வருதுங்க, மழைதான் பெய்ய மாட்டேங்குது. நம்ம ஊரு மாதிரிதானுங்க சாமி" என்று பதில் போட்டார். அதற்கு ஏகப்பட்ட கைதட்டல்.

நான் விடவில்லை. ஒரே ஒரு முத்தம் எழுதுங்கள் அக்கா, வானம் இடிந்து விழுந்துவிடாது என்று நச்சரித்தேன். எழுதினார். இருவரும் கண்ணாடிக் கவசத்தைத் தலையில் மாட்டிக்கொண்டே நெருங்கினார்கள். கவசங்கள் முட்டிக்கொண்டன. டொக் என்றது. முத்தம் முடிந்தது.

"கழட்டச் சொல்லலாமில்லக்கா?"

"கழட்டுனா மூச்சு முட்டிச் செத்துருவாங்க."

"வெளியிலதான் காத்து இல்ல. கப்பலுக்குள்ள அவங்க ரூமுல காத்து இருக்குதில்ல?"

சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு நன்றாக யோசித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "ரூமுக்குள்ள சாமி படம் மாட்டியிருக்குதுல்ல."

எனக்குச் சிரிப்பில் தண்ணீர் புரையேறிவிட்டது. முதல் அத்தியாயத்திலேயே ஒவ்வொரு அறைக்கும் ஒரு சாமி படம் மாட்டிவிட்டிருந்தார். இப்போது அவர் மாட்டிய சாமியே அவர் கதாபாத்திரங்களைக் குடும்பம் நடத்த விடாமல் முறைத்துக்கொண்டிருந்தது. படத்தைக் கழற்றிவிடலாமே என்றேன். சாமி இல்லாத ரூமில் அந்தப் பிள்ளை குடியிருக்க மாட்டாள் என்றார். அவருக்கு அவர் படைத்த பெண்ணே பயம்.

சேலத்துப் புத்தகக் காட்சியில் இருந்து இரண்டு மொழிபெயர்ப்பு நாவல்கள் வாங்கி வந்து கொடுத்தேன். பெரிய மனிதர்கள் எதிர்காலத்தை எப்படி எழுதுகிறார்கள் என்று பார்க்கட்டும் என்பது என் எண்ணம். ஒன்றில் கல்யாணம் என்ற ஏற்பாடே ஒழிந்துபோய், யார் வேண்டுமானாலும் யாரோடு வேண்டுமானாலும் பக்கம் பக்கமாக இருந்தார்கள். இன்னொன்றில் உலகமே கும்பிட்ட கடவுள் கடைசியில் ஒரு கம்ப்யூட்டர் என்று தெரியவந்தது. ஒரே வாரத்தில் படித்துவிட்டு அட்டை போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"நல்லாத்தான் எழுதியிருக்காங்க. ஆனா ஏனுங்க, ஒருத்தன் ராக்கெட்டு ஏறிட்டான்னா சாமியையும் கூச்சத்தையும் இங்கயே போட்டுட்டுப் போயிருவானா? அந்த மொதப் புத்தகத்துல அத்தன பேரு சேந்து இருக்காங்க, ஒருத்தருக்குக்கூட வெக்கமே வரல. எனக்குப் படிக்கறப்ப நம்ம பண்ணை நெனப்புத்தான் வந்துச்சு."

"ரெண்டாவது? கடவுள் மெஷினா இருந்தது உங்களுக்கு அதிர்ச்சியா இல்லையா?"

"இதுல என்ன அதிர்ச்சி? ஆயுத பூசைக்கு நம்ம இன்குபேட்டருக்குப் பொட்டு வெச்சுக் கற்பூரம் காட்டறோமா இல்லையா? மெஷினு சாமியாகக் கூடாதுன்னு யாரு சொன்னா?"

இரண்டு நாவலாசிரியர்களும் பக்கத்தில் இருந்திருந்தால் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு யோசித்திருப்பார்கள்.

அவருக்கு எதைப் படித்தாலும் எழுதினாலும் வருகிற முதல் கேள்வி ஒன்றுதான். "ரெண்டு பேருக்கும் என்ன முறைங்க?" புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் பேரைச் சொல்வதற்கு முன்னால் ஊரைக் கேட்பார், கோயிலைக் கேட்பார், ஐந்தாவது நிமிடத்தில் அவர்கள் தனக்கு ஒன்றுவிட்ட மாமன் மகனாகவோ பெரியப்பா பேத்தியாகவோ ஆகும்படி செய்துவிடுவார். சும்மா ஒரு மனிதராக யாரையும் வைத்திருக்க அவருக்குத் தெரியாது. ஒறம்பரையாக்கினால்தான் நிம்மதி.

வீட்டில் அவர் தனியாகத்தான் இருந்தார். மகன் வெளிநாட்டில். கணவர் போர்வெல் ரிக்கில் மேனேஜர், மத்தியப் பிரதேசத்தில் எங்கோ. மழைக்காலத்தில் வண்டிகள் திரும்பும்போது ஊருக்கு வருவார், பொங்கலுக்கு வந்தால் வருவார். "அவுரு பூமிக்குள்ள போறாரு, நான் மேல போறேன். நடுவுல யாரும் ஊட்டுல இல்ல" என்று சொல்லிச் சிரிப்பார். வெகுநாள் கழித்துத்தான் நான் ஒன்றைக் கவனித்தேன். அவர் கதைகளில் மேகம் போடாமல் எழுதிய காதல் காட்சிகள் உண்டு. அவன் ஒரு கிரகத்திலும் அவள் ஒரு கிரகத்திலும் இருந்து ரேடியோவில் பேசிக்கொள்கிற காட்சிகள். இங்கே கேட்ட கேள்விக்கு அங்கிருந்து பதில் வர நேரமாகும். அந்த நேரத்தில் அவள் தோசை ஊற்றி இறக்கிவிடுவாள். அதைப் படிக்கும்போது எனக்குக் கிண்டல் செய்யத் தோன்றியதில்லை.

இனி என் விஷயத்துக்கு வருகிறேன். பொரிப்பகத்து ஜெனரேட்டரைப் பார்க்க அயோத்தியாப்பட்டணத்தில் இருந்து ஒருவர் வருவார். வந்தார், பழுது பார்த்தார், பழுதே இல்லாத நாட்களிலும் வந்தார். எனக்கும் ஜெனரேட்டர் மேல் திடீர் அக்கறை பிறந்தது. இரண்டு பேருக்கும் சாதியிலோ வசதியிலோ பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டில் சொன்னால் அதிகம் போனால் நாலு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருப்பார்கள் என்று நினைத்திருந்தேன். ஒருநாள் அந்த ஜெனரேட்டர்க்காரர் தன் அண்ணன் மகளுக்குக் காது குத்திய படங்களைக் கைப்பேசியில் காட்டினார். மூன்றாவது படம் வந்ததும் போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்த வேப்பமரம் எனக்குத் தெரியும். அந்த மண் குதிரைகளையும் தெரியும். எனக்குக் காது குத்தியதும் அதே இடத்தில்தான். எங்கள் குலசாமியும் அவர்கள் குலசாமியும் ஒன்று. அவர் தாத்தா காலத்தில் பிழைப்புக்காக அந்தப் பக்கம் போன குடும்பம்.

வெளியூர்க்காரர்களுக்கு இதில் என்ன கஷ்டம் என்று தெரியாது. எங்கள் பக்கம் ஒரே குலசாமியைக் கும்பிடுகிறவர்கள் பங்காளிகள். ஒருவரை ஒருவர் பார்த்தே இருக்காவிட்டாலும் அண்ணன் தங்கை. பொண்ணு கொடுக்கவும் மாட்டார்கள், எடுக்கவும் மாட்டார்கள். வேறு சாதிப் பையனைக் கூட்டி வந்து நிறுத்தினால்கூட அம்மா அழுது தீர்த்துவிட்டு ஒருநாள் சோறு போடுவாள். பங்காளிப் பையன் என்றால் அவளுக்கு அருவருப்பு வந்துவிடும். அவளிடம் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் மாதக்கணக்கில் விழுங்கிக்கொண்டிருந்தேன்.

அம்மாவுக்கு இருந்த ஒரே பைத்தியம் அக்காவின் தொடர்கதை. நான்தான் அவள் போனில் ஆப்பைப் போட்டுக் கொடுத்தேன். எங்கள் ஊர் மல்லசமுத்திரத்தில் தோட்டங்காட்டு வேலை முடித்து, மத்தியானம் அப்பா கட்டிலில் சாய்ந்ததும், அவருக்கு வேண்டுமோ வேண்டாமோ, உரக்க வாசிப்பாள். கதையின் தொடக்கத்தில் அக்கா ஒரு காட்சி வைத்திருந்தார். ஊரை விட்டுப் போகிறவர்கள் குலசாமி கோயிலில் இருந்து ஒரு கைப்பிடி மண்ணை மஞ்சள் துணியில் முடிந்துகொண்டு போய், குடியேறும் இடத்தில் அதைப் போட்டுக் கோயில் எழுப்புவது எங்கள் வழக்கம். பிடிமண் என்பார்கள். விண்கலத்தில் எடை கட்டாது என்பதால் முந்நூறு குடும்பங்களுக்கும் சேர்த்து ஒரே ஒரு பிடிமண் எடுத்துப் போனார்கள் என்று எழுதியிருந்தார். அதைப் படித்து அம்மா அழுதாள். நிறையப் பேர் அழுதார்கள்.

அழுது முடித்த அம்மா பல வாரம் கழித்துத்தான் யோசித்திருக்கிறாள். நாயகனுக்கும் நாயகிக்கும் கல்யாணம் நிச்சயமாகிற அத்தியாயம் வந்த அன்று, வாயால் சொல்லிப் போனையே எழுத வைத்துக் கருத்துப் போட்டாள். அதை அக்காதான் சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் படித்துக் காட்டினார்.

"இதென்னங்க இப்புடி எழுதிப்போட்டீங்க. மொத்தக் கப்பலுக்கும் ஒரே பிடிமண்ணுன்னா மொத்தப் பேரும் ஒரே சாமிக்காரங்க. எல்லாரும் பங்காளிதானுங்க. அந்தப் பையன் அந்தப் புள்ளைக்கு அண்ணன் முறை ஆகுதுங்க. அப்பறம் எப்புடிக் கண்ணாலம் பண்ணுவீங்க?"

அக்காவின் கையில் இருந்த ஊறுகாய் மடியில் விழுந்தது. "அட சாமி! ஒரு உலகத்தையே பங்காளி ஊடாக்கிப் போட்டனே! எல்லாத்துக்கும் முறை பாக்கற எனக்கு இது தோணாமப் போச்சே!"

அவருக்கு வந்த கவலை வேறு, எனக்கு வந்த கவலை வேறு. அம்மா எழுதியிருந்தது நாயகிக்கு என்றாலும், அது எனக்கு வந்த தீர்ப்பு.

ஆப்பில் அமளி. அந்தக் கிரகத்தில் இனி பிள்ளையே பிறக்காதா என்று ஒருவர் கேட்டார். இது அறிவியல் புனைவு, எதிர்காலத்தில் குலசாமியாவது ஒன்றாவது, தூக்கிப் போடுங்கள் என்று சென்னைக்காரர் ஒருவர் அறிவுரை சொன்னார். அக்கா அவருக்கு மிகவும் மரியாதையாகப் பதில் எழுதினார்: "எதிர்காலத்துல எத வேணாலும் உட்டர்லாமுங்க. அண்ணன் தங்கச்சிங்கறத எப்புடிங்க உடறது?" அதைப் படித்ததும் எனக்கு மிச்சமிருந்த நம்பிக்கையும் போய்விட்டது.

அன்று சாயங்காலம் குஞ்சுப் பெட்டிகளை வேனில் ஏற்றிக்கொண்டிருந்த இடத்தில் அவரைத் தனியே கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். காது குத்துப் படத்தைக் காட்டினேன். உலகத்தில் யாரைப் பார்த்தாலும் முறை கேட்கிறவர் அன்றைக்குக் கேட்கவில்லை. குஞ்சுகள் கீச்சு கீச்சென்று கத்திக்கொண்டிருந்தன. படத்தைப் பெரிதாக்கி அந்த முகத்தையே பார்த்தார்.

"வெளியூரு வேலைக்குப் போயிருவானா?"

"இல்லக்கா. சேலத்துலதான். சாயங்காலம் ஊட்டுக்கு வந்துருவாரு."

"பொழுதோட ஊடு வந்து சேர்றவனா?" என்று இன்னொரு தடவை கேட்டார். ஆமாம் என்றேன். "செரி" என்று சொல்லிவிட்டு வேனுக்குப் போய்விட்டார்.

மறுநாள் உற்சாகமாக வந்தார். வழி கிடைத்துவிட்டதாம். வேறொரு பிடிமண்ணோடு இன்னொரு கப்பலை அனுப்பப் போகிறாராம். அதில் வருகிறவர்கள் எல்லாரும் மாமன் மச்சான் முறை. மாப்பிள்ளைக்கு மாப்பிள்ளை, பெண்ணுக்குப் பெண்.

"அப்ப இந்தப் பையன்?" என்றேன்.

"அவனுக்கும் அந்தக் கப்பல்ல ஒரு நல்ல புள்ள இருக்கும்."

எனக்குப் பொறுக்கவில்லை. "அப்ப நானும் வேற கப்பல் வர்ற வரைக்கும் காத்துக்கிட்டுக் கெடக்கட்டுங்களா? எலுமிச்சம்பழத்துக்காக ராக்கெட்டுக்குச் சக்கரம் வெக்கத் தெரியுது. ரெண்டு பேரு சேர்றதுக்கு ஒரு வழி வெக்கத் தெரியலையா உங்களுக்கு?" என்று கத்திவிட்டேன். டாக்டர் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

அக்கா டிபன் டப்பாவை மூடினார். அவர் என் மேல் கோபித்து நான் பார்த்ததில்லை, அன்றும் கோபிக்கவில்லை. ஆனால் அந்த வாரம் கதை வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. அம்மா தினமும் போனைத் திறந்து பார்த்து, "உங்க எழுத்தாளரம்மாவுக்கு ஒடம்பு செரியில்லையா? நான் எழுதுனதுல சங்கடப்பட்டுட்டாங்களோ?" என்று என்னைக் கேட்டாள். எனக்கு அழுகைதான் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அத்தியாயம் வந்தது. அம்மா அப்பாவை எழுப்பி உட்காரவைத்து வாசிக்கத் தொடங்கினாள். அந்தக் கிரகத்தில் முன்பே ஒரு இனம் உண்டு. மலையில் வாழ்கிற, முட்டையிடுகிற, பெரிய இறக்கைகள் உள்ள உயிர்கள். அவற்றைக் கண்டால் குடியேறியவர்களுக்குப் பயம். நாயகி தனியாக மலையேறிப் போகிறாள். கிழட்டு உயிர் ஒன்றின் முன்னால் போய்ச் சுருண்டு படுக்கிறாள். அது அவளை இறக்கைக்குள் இழுத்து, தன் முட்டைகளோடு முட்டையாக வைத்து, பகல் முழுக்க அடை காக்கிறது. உள்ளே இருக்கிற கதகதப்பை ஒரு பக்கத்துக்கு எழுதியிருந்தார். அவள் எழுந்து வருகிறாள். ஊர் கூடிக் கேட்கிறது, உன் சாமி எது? அவள் மலையைக் காட்டுகிறாள். என்னை அடை காத்தவள் சாமிதான் என் சாமி. இனி நான் உங்கள் பங்காளி இல்லை, உங்கள் வீட்டுக்கு வாழ வருகிறவள்.

அம்மா போனை மடியில் வைத்தாள். "செரிதான்" என்றாள் அப்பாவிடம். "வாத்து முட்டையக் கோழிக்கு அடை வெச்சா, வாத்துக் குஞ்சு கோழி பின்னாலதானுங்க போகுது. இனி அந்தப் புள்ள வேற சாமிக்காரி. கட்டிக்கலாம், தப்பில்ல."

இதைவிட நல்ல நேரம் கிடைக்காது என்று நானும் வாயைத் திறந்தேன். எல்லாம் சொல்லி முடித்தபோது அம்மா எழுந்து நின்றிருந்தாள்.

"அது கதடி" என்றாள். "இது ஊடு."

ஒரு வாரம் எங்கள் வீட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை. அப்பா அம்மாவின் சொல்லைத் தாண்டாதவர். வரட்டும் பார்க்கலாம் என்பதைப் போல மாடுகளிடம் மட்டும் பேசினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாசலில் ஒரு கார் வந்து நின்றது. அக்கா இறங்கினார். பின்னால் தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டு, வெயிலில் கறுத்து, கூச்சத்தோடு அவர் கணவர். மழைக்கு ரிக் வண்டிகள் திரும்பியிருந்தன. தாம்பாளத்தில் பழம், வெற்றிலை பாக்கு, மஞ்சள் குங்குமம், ஒரு சேலை. அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எழுத்தாளரம்மாவே வீட்டுக்கு வந்துவிட்டார் என்று காப்பித் தூளைத் தேடி அடுக்களைக்கு ஓடினாள்.

"காப்பி அப்பறமுங்க" என்றார் அக்கா. "உங்க பொண்ண எங்களுக்குத் தத்துக் குடுங்க. எங்க சாமி வேற, உங்க சாமி வேற. எங்களுக்குப் பொட்டப்புள்ள இல்ல. எங்க மகளா மடியில வாங்கி, எங்க கோயில்ல பேரு சொல்லி, அந்தப் பையனுக்கு நாங்க கட்டிக் குடுக்கறோம். முறைக்கு முறையும் ஆச்சு, புள்ள மனசுக்கு மனசும் ஆச்சு."

அம்மாவுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. "அடப் பாவமே! கதைய எழுதி என்னய முன்னாலயே தலையாட்ட வெச்சுட்டீங்களா?" என்றாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. பிறகு அழுகைதான் என்று தெரிந்தது. "நான் பெத்து வளத்த புள்ளய உங்களுக்குத் தாரை வாத்துட்டு நான் எங்கீங்க போறது?"

அக்காவின் கணவர் தாம்பாளத்தை வைத்துவிட்டு வெளியே போய்விடலாமா என்று பார்த்தார். அக்கா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சித்த ரோசன பண்ணிப் பாருங்க. எல்லாரும் பொண்ணக் கட்டிக் குடுக்கறாங்க. கட்டுன அன்னிக்கே அந்தப் புள்ள நம்ம சாமிய உட்டுப் புருசன் சாமிக்குப் போயிருது. அப்பறம் நம்ம கோயிலுக்கு அது வந்துட்டுப் போற ஒறம்பர. உங்க பொண்ணு அப்புடியில்லீங்க. எங்க சாமிக்கு வந்து, அங்கிருந்து மாப்பிள்ள சாமிக்குப் போகும். மாப்பிள்ள சாமி எதுங்க? உங்க சாமிதானுங்க! ஒரு சுத்துச் சுத்திக்கிட்டு உங்க கோயிலுக்கே திரும்பி வந்துருது. எந்தத் தாய்க்கு இது வாய்க்கும்?"

அம்மா அழுவதை நிறுத்திவிட்டு மனத்துக்குள் அந்தச் சுற்றைச் சுற்றிப் பார்த்தாள். முகம் மெல்ல மாறுவதை நானே பார்த்தேன். எங்கள் கோயில் நோன்பித் திருவிழாவில், கட்டிக் கொடுத்த மகளோடு பொங்கல் வைக்கிற எந்த அம்மாவையும் அவள் கண்டதில்லை.

"அப்ப மணவறையில நான் எங்க நிக்கறது?" என்றாள் கடைசியில். கேள்வி சின்னக் குரலில் வந்தது.

யாரையும் எங்கே நிறுத்துவது என்று தெரிந்த அக்காவே இதற்குக் கொஞ்சம் தடுமாறினார். "அந்தப் பக்கம் நீங்க, இந்தப் பக்கம் நான். நம்ம கதையில அந்த ஊருக்கு நெலாவே ரெண்டு இருக்குது. ஒரு பொண்ணுக்கு ரெண்டு அம்மா இருந்தா என்னங்க?"

அம்மா காப்பி போட எழுந்தாள். சர்க்கரை தூக்கலாக இருந்தது. அப்பா கையைக் கூப்பிக்கொண்டு நின்றிருந்தார். அயோத்தியாப்பட்டணத்தில் மாப்பிள்ளையின் அம்மா, முறையைச் சரி செய்துவிட்டால் தங்களுக்கு ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பினார்.

அக்காவின் குலசாமி கோயிலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி என்னை அவர் மடியில் உட்காரவைத்தார்கள். நான் ஒன்றும் கைக்குழந்தை இல்லை. பூசாரி சாவகாசமாக என் பேரும் அவர்கள் குலத்துக் கூட்டத்தின் பேரும் சொல்லி முடிப்பதற்குள் அக்காவுக்குக் கால் மரத்துப்போய், "சாமி, சீக்கிரம் சொல்லுங்க, புள்ள வளந்துக்கிட்டே இருக்குது" என்றார். நான் சிரித்துக்கொண்டே அழுதேன். தன் கழுத்தில் விழுந்த என் கண்ணீரை அவர் துடைக்கவில்லை.

முறை இப்போது தலைகீழாகிவிட்டது. நான் இன்னும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன், அம்மா என்று சொல்ல வாய் வரவில்லை. என் கணவர் அத்தை என்கிறார். பெற்ற அம்மா அவரை எழுத்தாளரம்மா என்கிறாள். உலகத்துக்கெல்லாம் முறை பார்த்துக் கொடுத்தவரின் சொந்தக் கணக்கு இப்படிச் சிக்கலாகிவிட்டதே என்று கிண்டல் செய்தால், "இதுல என்ன சிக்கல்? அடை வெச்சவ நானு" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். இப்போது மகன் வீட்டில், வெகு தூரத்தில் இருக்கிறார். எழுதுவதை விட்டுவிட்டார். ரிக்கை விட்டுவிட்ட கணவர் பக்கத்திலேயே இருக்கிறாராம், எழுத நேரம் எங்கே என்கிறார்.

கல்யாணத்தன்று மணவறையில் எனக்கு இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் அம்மா. ஆல்பத்தில் இருப்பது அந்தப் படம்தான். சடங்கெல்லாம் முடிந்து எங்களை அயோத்தியாப்பட்டணத்து வீட்டில் விட்டுவிட்டு, பொழுது சாய்கிற நேரத்தில் இரண்டு பேரும் ஒரே காரில் ஏறிக் கிளம்பினார்கள். அம்மா வழியெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டு நான் வாசலிலேயே நின்றேன். போன் அதிர்ந்தது. அக்காவிடமிருந்து.

"ரெண்டு நெலாவும் மேகத்துக்குள்ள போயாச்சு சாமி. நல்லா இருங்க."

உள்ளே வந்து கதவைச் சாத்தினேன்.